இடது கைக்கு மட்டும்

ஃபேர்பேங்க்ஸ், பிப்ரவரி 3

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

வடக்கே பனி அளக்கப் போகும் எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. வெட்டவெளியில், கையுறையைக் கழற்றாமல் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைக்க முடியாதவருக்கு விமானத்தில் இடமில்லை. இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை ஸ்டவ்வோடு நீ பின்னிய இடது கையுறையும் பற்றிக்கொண்டது. பயப்படாதே, கம்பளி மட்டும்தான் கருகியது. குழுத் தலைவி பெர்னிஸ் என் கையைப் பனிக்குள் அமுக்கிவிட்டுச் சிரித்தாள்: "ஸ்டவ்வப் பத்தவைடின்னா கையப் பத்தவைக்கிறியே! அப்பவும் கழட்டல பாரு. சரி, நீயும் வா."

பதினெட்டாம் தேதி கிளம்புகிறோம். அதற்குள் இடது கைக்கு மட்டும் ஒன்று பின்னி அனுப்பு. அலசிவிடாதே, நம் வீட்டு விறகடுப்பு வாசம் அதில் இருக்கட்டும்.

மூட்டையை முன்கூட்டியே ஒருமுறை எடை பார்க்கக் கூப்பிடுகிறார்கள். ஆளுக்குப் பதினைந்து கிலோதான். ஒரு கையுறைக்கு இடம் விட்டுத்தான் கட்டியிருக்கிறேன்.

உன் ஐலா