ஐந்தாம் வார்த்தையின்போது நீ கேட்ட தண்ணீர்

என் அன்னம் அக்காவுக்கு,

போன பெரிய வெள்ளியன்று கோயிலில் யார் யார் இருந்தார்கள் என்று கேள், இப்போதும் சொல்வேன். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் நீ. உன்னை ஒட்டி நான். எனக்கு அடுத்து உன் மகள் கிரேஸ், அதற்கடுத்து என் மருமகள் எஸ்தர். பின்னால் ஓலை விசிறியோடு ரூபி டீச்சர். வாசலில் மணியடிக்கிற தாசன். பிரசங்க பீடத்தில் உன் வீட்டுக்காரர், நம்ம அத்தான். மற்ற ஜனமெல்லாம் மறந்துபோனாலும் இந்த ஆறு பேரும் என் கண்ணை விட்டுப் போக மாட்டார்கள்.

பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று வரை, சிலுவையில் கர்த்தர் பேசின ஏழு வார்த்தைக்கு ஏழு பேர் பேசுவார்கள். அத்தானுக்கு ஐந்தாவது. தாகம் என்று அவர் கேட்ட வார்த்தை. அத்தான் குரலை ஏற்றி இறக்கிப் பேசிக்கொண்டிருந்தபோது நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாய்.

"ஏட்டி ஞானம், தண்ணி வேணும். நாக்கு ஒட்டுது."

"பைய இரு, அக்கா. இன்னும் ரெண்டு வார்த்தைதான். மூணு மணி ஆனதும் கஞ்சியே குடிச்சிரலாம். அத்தான் பேசும்போது நீயே எந்திரிச்சா ஆளுக என்ன சொல்லுவாவ?"

ரூபி டீச்சர் பின்னாலிருந்து விசிறிவிட்டு, "உபவாசத்துல கிறங்குது, வேற ஒண்ணுமில்ல" என்றாள். "அம்மைக்கு வருசா வருசம் இப்படித்தான்" என்றாள் கிரேஸ். எஸ்தர் உன் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். தாசன் உன் முகத்தைப் பார்த்துவிட்டுச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்தான். அவனைக் கையசைத்துத் திருப்பி அனுப்பியது நான். எல்லாரும் பட்டினி கிடக்கிற நாளில் ஒருத்தி சோர்ந்தால் பட்டினி என்றுதானே நினைப்போம்? ஆறாம் வார்த்தைக்கு முன்னால் பாட்டுப் பாட எல்லாரும் எழுந்தோம். நீ எழவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் வண்டியிலேயே முடிந்துவிட்டது.

சிலுவையில் தொங்கினவர் தாகம் என்றதும் சேவகர்கள் புளித்த காடியையாவது வாயில் வைத்தார்கள். நான் உனக்கு அதுவும் கொடுக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறு ஞாயிறு வீட்டில் ஆறுதல் கூட்டம் நடந்தது. அத்தான் எழுந்து உன் விசுவாசத்துக்குச் சாட்சி சொன்னார். "காலையிலயே நெஞ்சு அடைக்கு, இடது கை கடுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா. ஆராதனை முடியட்டும், கர்த்தர் பாத்துக்கிடுவார்னு சொன்னேன். மறுவார்த்தை பேசல. எம்புட்டு விசுவாசம்!" கூடியிருந்தவர்கள் ஸ்தோத்திரம் என்றார்கள். எங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாயே, என்னிடம் ஏன் சொல்லவில்லை அக்கா?

இந்த வருடச் சேதி கேள். பெண்கள் ஐக்கியத்தில் சீட்டுப் போட்டார்கள். இரண்டாம் வகுப்போடு நின்ற எனக்கு முதல் வார்த்தை விழுந்திருக்கிறது. மன்னிப்பு: பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே என்று ஆணியடித்தவர்களுக்காக அவர் வேண்டினது. "பத்து நிமிஷம் பேசினா போதும் ஆச்சி" என்று பாஸ்டர் ஐயா சிரித்தார். நாளைக்குப் பெரிய வெள்ளி.

செவ்வாய்க்கிழமை அத்தான் சேரன்மகாதேவியிலிருந்து பஸ் ஏறி வந்தார். நாற்காலியில் உட்காருமுன்னே ஆரம்பித்துவிட்டார்.

"ஏ ஞானம், முதல் வார்த்தை உனக்காமே. அக்கா சாட்சியையும் சேத்துச் சொல்லிரு. கோயில்ல உக்காந்தே பிராணன் போறது எத்தன பேருக்குக் கிடைக்கும்?"

"அவ ஆஸ்பத்திரில்லா கேட்டா. அதையும் சேத்துச் சொல்லட்டா?"

"பழசக் கிளறாத. சிலுவைன்னாலே மன்னிப்புத்தான? நீ என்ன வேதம் வாசிக்கே?"

"எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கேன் அத்தான். அதனால எனக்கு ஒரு எழுத்தும் விட்டுப்போவாது."

காப்பியைத் தொடாமல் போய்விட்டார்.

வாசிக்க வாசிக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செய்வது இன்னதென்று தெரியாதவர்களுக்காகத்தான் அவர் வேண்டுகிறார். தெரிந்தவனுக்கு? தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கை கழுவிவிட்டு அவரைச் சிலுவைக்கு அனுப்பின பிலாத்துவுக்குத் தெரியாதா? பாஸ்டர் ஐயாவிடமே கேட்டேன். "யாருக்குமே முழுசாத் தெரியாது ஆச்சி, அதுக்காகத்தான் அவர் செத்தார்" என்றார். நல்ல பதில்தான். கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, கூட்டின முற்றத்தையே மறுபடியும் கூட்டிக்கொண்டிருந்தேன்.

நம் பாவம்தான் அவரை ஆணியடித்தது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் சுத்தியல் ஏதோ ஒரு சேவகன் கையில்தான் எனக்குத் தெரிந்தது. இந்த வருடம் என் கையில் தெரிகிறது. தாசனைத் திருப்பி அனுப்பின கை. எனக்காக அவர் தொங்கினார் என்பது இத்தனை வயதுக்குப் பிறகுதான் எனக்கு உண்மையாகவே தேவைப்படுகிறது. அது எனக்கு மட்டும் வேண்டும், அத்தானுக்கு வேண்டாம் என்றால் நியாயமா? நியாயமில்லை, தெரிகிறது. மனசு வர மாட்டேன் என்கிறது.

நேற்று ஒன்று கண்ணில் பட்டது. அவர் அந்தச் சேவகர்களைப் பார்த்து, உங்களை மன்னித்தேன் என்று சொல்லவே இல்லை. பிதாவைப் பார்த்து, நீர் மன்னியும் என்கிறார். ஆணி ஏறின வலியில் அவருக்கும் அவ்வளவுதான் முடிந்ததோ? இப்படி நினைப்பது பாவமோ? நீ இருந்தால் உன்னிடம் கேட்டிருப்பேன்.

நாளை உன் சாவைச் சாட்சியாக்க மாட்டேன். தண்ணீர் கொடுக்காதவள் நான் என்று முதலில் என்னைச் சொல்வேன். பிறகு முன்பெஞ்சில் வந்து உட்காரும் அத்தானைப் பார்த்து, பிதாவே, இவரை நீரே மன்னியும், என்னால் ஆகாது என்பேன். அக்கா புருஷன் என்கிற மரியாதைக்கு ஐம்பது வருடமாக அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஜெபிக்கிறவள் யாருக்காக என்று சொல்ல வேண்டாமா? நாளை சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. சாமுவேல் தேவசகாயம்.

உன் கூடப்பிறந்த
ஞானம்