மிஸ் எடுத்த பெரட்டு

செவ்வாய்க்கிழமை, பூனாகலை.

கல்வியியற் கல்லூரியில் எனக்குக் கற்பித்த செல்வராணி மிஸ்ஸை இன்று பண்டாரவளை பஸ் நிலையத்தில் பார்த்தும் நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன்.

பயிற்சியின் முதல் நாள், உடன் படிப்பவர்கள் முன் வரவு இடாப்பைக் கையில் எடுத்து, "பெரட்டு எடுக்கப் போறேன்" என்றேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பதற்கு அதுதான் சொல். வகுப்பே சிரித்தது. படிப்பை விட்டுவிடலாம் என்றிருந்தது. மறுநாள் மிஸ்ஸே, "பெரட்டுக்கு எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார். கடைசி நாள்வரை அப்படித்தான் கேட்டார். அதனால்தான் இன்று நான் டீச்சர்.

இன்று நான் ஓடிப் போவதற்குள் அவருடைய பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியே தலையை நீட்டி, "டீச்சரம்மா, இன்னைக்குப் பெரட்டு எடுத்தாச்சா?" என்றார்.

"எடுத்தாச்சு மிஸ்! எல்லாப் புள்ளைகளும் வந்துட்டாங்க!"

நிலையமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நான் இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.