ஆடு தின்ற பெரணி

செப்டம்பர் 27, வெள்ளி

காலாண்டு லீவு. செல்வராணி டீச்சர் குற்றாலத்திலிருந்து கொண்டுவந்த பெரணித் தொட்டியை, லீவில் பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கி வந்தேன். பூவும் விதையும் இல்லாத செடி. இலைக்கு அடியில் பழுப்புப் பொட்டுகள். அவற்றுக்குள் இருக்கும் தூள்தான் ஸ்போர். எங்கள் பிளஸ் ஒன் பிராக்டிகலுக்கு இந்த ஒரு செடிதான் இருக்கிறது.

நாளை முதல் ஒரு வாரம் சாத்தான்குளம், சித்தி வீடு. பெரணிக்கு நல்ல தண்ணி ஊற்றும்படி அம்மாவிடம் சொல்லியாயிற்று.

அக்டோபர் 5

கருகிவிட்டது. எல்லா இலையும். அம்மா இரண்டு வேளையும் அடிபம்பு உப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். மண்மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது.

"நல்லா தண்ணி ஊத்துன்னுதானே சொன்ன? குடிக்கவே நாலு குடம்தான் வருது. ஏளா, செடிக்கு எவ நல்ல தண்ணி ஊத்துவா?"

டீச்சர்கிட்ட நான் என்ன சொல்ல?

அக்டோபர் 6

இலைகளை ஒட்டக் கிள்ளிவிட்டேன். வெள்ளை மண்ணையும் சுரண்டிவிட்டேன். இப்போது ஆடு கடித்த மாதிரி இருக்கிறது. குப்பையில் போட்டால் அம்மா கேட்பாள் — இலைகளை இந்த நோட்டுக்குள்தான் வைத்திருக்கிறேன். எழுத எழுதப் பழுப்புத் தூள் உதிர்கிறது.

அக்டோபர் 7

ஆடு தின்றுவிட்டது என்றேன். டீச்சர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தொட்டி மண்ணைக் கிளறிப் பார்த்தார். மண்ணுக்குள் இருந்த தண்டும் அழுகிவிட்டதாம்.

"ஒரு இலை மிஞ்சியிருந்தாக்கூடப் போதும். ஸ்போரை ஈரச் செங்கல் தூள்ல தூவி வளர்த்திரலாம்."

பிறகு, யார் வீட்டு ஆடு என்று கேட்டார். கடைக்காரர் காசிலிங்கம் அண்ணாச்சி ஆடு என்று வாயில் வந்துவிட்டது. நாளை மறுநாள் அவரைப் போய்க் கேட்பாராம். ஐயோ, அவரு ஆடே வளக்கலையே.

அக்டோபர் 8

இலையைக் கொடுத்தால் செடி வரும். பொய்யும் வெளியே வரும்.

அக்டோபர் 9

எல்லாரும் போன பிறகு, நோட்டுக்குள்ளிருந்த இலைகளை லேப் மேசையில் எடுத்து வைத்தேன். டீச்சர் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி ஆடு படிக்கிற ஆடு போல. நோட்டுக்குள்ள வச்சுல்லா தின்னிருக்கு."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"உப்புத் தண்ணின்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமேளா. ஆடு எதுக்கு?"

ஸ்போர் செடியாக மாதக் கணக்காகுமாம். பிராக்டிகலுக்குப் படத்தைப் பார்த்துத்தான் வரையப் போகிறோம். என்னால்.

டிசம்பர் 4

செங்கல் தூளில் பச்சை. சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும், இதய வடிவம். இனி ஆண் செல் தண்ணீரில் நீந்திப்போய் முட்டையைச் சேர வேண்டும். அதன் பிறகுதான் பெரணி. அதற்கு இதன்மேல் ஈரம் காயக் கூடாது.

நல்ல தண்ணீர் நிரப்பிய டிராப்பரை என் கையில் கொடுத்துவிட்டு, டீச்சர் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.