நான் டைப் செய்தேன்

ஜூன் 3
இன்று ஆஸ்பத்திரியில் வேலையே ஓடவில்லை. நாய்களும் பூனைகளும் காத்துக் கிடக்க, டாக்டரின் மச்சான் உள்ளறையில் புதுக் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் சர்வரை ஏற்றுவதும் அழிப்பதுமாக இருந்தார். முன்மேசையில் நான் டைப் செய்வதெல்லாம் அதில்தான் போய்ச் சேர வேண்டும். என் திரையோ ‘சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் ஏதோ செய்தார், வந்துவிட்டது. “பழைய கம்ப்யூட்டர் பேரையே இதுக்கும் வெச்சுட்டேன்க்கா. உங்க பக்கம் ஒண்ணும் மாத்த வேண்டாம்” என்றார். பெரிய கெட்டிக்காரர்தான். பழையது மாடிக்கு, டாக்டர் வீட்டுக்குப் போயிற்று.

ஜூன் 9
நேற்று மதியம் பதிந்த இரண்டு பூனைகளைக் காணோம். தேடினால் ‘பதிவு இல்லை’. மச்சானுக்குப் போன் செய்தேன். “சேவ் பண்ணீங்களாக்கா?” என்கிறார். இத்தனை வருஷம் அந்த மேசையில் ஈ ஓட்டிக்கொண்டா இருந்தேன்?

ஜூன் 10
மறுபடியும். இந்த முறை ஒரு முயல்.

ஜூன் 17
ஒரு கறுப்பு நாய்க்குப் போன வாரம் ஒரு மதியம் ஊசி போட்டு முகம் வீங்கிவிட்டது. ‘இந்த மருந்து ஒத்துக்காது, மறுபடி போடக் கூடாது’ என்று அப்போதே டைப் செய்தேன். இன்று காலை அது மறுபடி வந்தபோது டாக்டர் திரையில் அந்த வரியே இல்லை. டாக்டர் அதே ஊசியைப் போட்டார். பிழைத்ததே பெரிது.

நாய்க்காரம்மா அழ, ஹாலில் அத்தனை பேர் நடுவில் டாக்டர் கத்தினார்: “ஒரு வரி டைப் பண்ணத் தெரியாதா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வேலை பாத்துக்கங்க.” போன வாரமும் ஊசி போட்டவர் அவர்தானே? அவருக்கு நினைவில்லை. ஆனால் மறதி எனக்காம்.

வீட்டுக்கு வந்து சொன்னால் இவர், “வயசாகுதுல்ல, மறந்திருப்ப” என்கிறார். கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிற மனுஷன்!

நான் டைப் செய்தேன். செய்தேன்.

ஜூன் 19
கேஸை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்தேன். அணைத்துத்தான் இருந்தது. பூட்டையும் மறுபடி இழுத்துப் பார்த்தேன்.
ஒருவேளை உண்மையிலேயே மறக்கிறேனோ? பயமாக இருக்கிறது.

ஜூன் 24
காலையில் மச்சான் வந்து சர்வரைச் சோதித்தார். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாமா. ஆள்தான் சரியில்ல போல” என்று டாக்டரிடம் சிரித்தார். என் காதில் விழட்டும் என்றேதான் சொன்னது.

ஜூன் 27
டாக்டர் வீட்டம்மா மாடிக்குக் கூப்பிட்டார். சில நாள் மதியம் சாப்பிட்டதும் பழைய கம்ப்யூட்டரில் தையல் வீடியோ பார்ப்பாராம், எழுத்தைப் பெரிதாக்கித் தர வேண்டுமாம். திரை மூலையில் ஆஸ்பத்திரி ஐகான் இன்னும் இருந்தது. சும்மா திறந்தேன்.

இரண்டு பூனைகள். முயல். கறுப்பு நாய். ‘இந்த மருந்து ஒத்துக்காது’ — என் வரி, தேதியோடு.

கீழேயும் மாடியிலும் ஒரே வைஃபை, இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே பெயர். பழைய சர்வரையும் யாரும் அழிக்கவில்லை. மாடியில் இதைப் போடும்போதெல்லாம் நான் டைப் செய்தது இங்கே வந்து விழுந்திருக்கிறது. பாவி, அந்தப் பெயரை மாற்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

டாக்டரை மேலே வரவழைத்துக் காட்டினேன். படித்துவிட்டு, “ஓ, கம்ப்யூட்டர் ப்ராப்ளமா” என்றார். என் தப்பென்றால் என் தலை உருள வேண்டும், மச்சான் தப்பென்றால் கம்ப்யூட்டர் ப்ராப்ளம்! “திட்டினது ஹால்ல சார். இதையும் ஹால்லயே சொல்லுங்க. அதுவரைக்கும் நான் வரல” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

ஜூன் 28
வேலைக்குப் போகவில்லை. இவர் சொல்கிறார்: “நான் அப்பவே நெனச்சேன், கம்ப்யூட்டர்லதான் கோளாறுன்னு.” அவருக்கு இன்று காப்பி கொடுக்கவில்லை.

ஜூலை 1
டாக்டர் போன் செய்தார். கறுப்பு நாய் வருகிறதாம், நானும் வர வேண்டுமாம். போனேன்.

ஹால் நிறைந்திருந்தது. நாய்க்காரம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “அன்னைக்கு இவங்க சரியாத்தான் டைப் பண்ணியிருந்தாங்க. தப்பு எங்களுது.” திட்டும்போது இருந்த குரல் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. மச்சான் மேசைக்கடியில் குனிந்து ஏதோ வயரைத் தேடிக்கொண்டிருந்தார். நாய் என் செருப்பை நக்கியது. முன்மேசையில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஜூலை 2
காலையில் கேஸை அணைத்தேன், பூட்டினேன், போய்விட்டேன்.