கைச்சூட்டில் உறைந்த மருந்து

அன்புத் தம்பிக்கு அண்ணி எழுதுவது.

இறையருளால் இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். உங்கள் அண்ணன் முன்னைக்கு இப்போது தேவலை.

போனில், "அண்ணனை ஆய்வுக்கூட எலி ஆக்கிட்டீங்களே அண்ணி" என்று கோபப்பட்டீர்கள். அதற்கான பதிலை இப்போது சொல்கிறேன்.

கழுத்துக் கட்டி குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படியே வெட்டினால் பேச்சு போய்விடுமாம். சுருங்கினால்தான் கத்தி வைக்கலாம். அதற்குத்தான் இந்தப் புது ஊசி. நான் எதற்கும் கணக்குப் பார்ப்பவளாயிற்றே, மருந்துக்கும் கேட்டேன், உள்ளே போனால் அங்கேயே நிற்குமா என்று. டாக்டரம்மா சலிக்காமல் சொன்னார்: "நரம்புல ஏத்துற மருந்து உடம்பெல்லாம் சுத்தும்மா. கட்டிக்குச் சேர்றது கொஞ்சம்தான். இது கூழ் மாதிரி கட்டிக்குள்ளயே தங்கி, மருந்தை மெல்ல மெல்ல விடும்." சிந்தாமல் சிதறாமல் செலவழிக்கிற வைத்தியம். எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஊசி போட்ட நாளில் அது ஐஸ் தட்டில் இருந்தது. நர்ஸிடம் கெஞ்சி, மூடியோடு கையில் வாங்கிப் பிரார்த்தித்தேன். ஒரு நிமிடம் என்றுதான் கொடுத்தார். நான் குடும்பத்தில் ஒருவர் விடாமல் வேண்டி முடித்தேன். பிறகு டாக்டரம்மா அழுத்தினால் மருந்து இறங்கவில்லை. குளிரில் தண்ணீராக இருப்பது உடம்புச் சூடு பட்டால் உறைந்துவிடுமாம். என் உள்ளங்கையிலேயே உறைந்துவிட்டது. பதறி மன்னிப்புக் கேட்டேன். டாக்டரம்மாவோ சிரித்தார். "உள்ள போனா நிக்குமான்னு கேட்டீங்கல்ல, பாத்துக்கங்க. இனிமே தூரத்துல இருந்து வேண்டிக்கங்கம்மா." படுத்திருந்த உங்கள் அண்ணன், "இவ கையில காசுதான் உறையும்னு நினைச்சேன், மருந்துமா" என்றார்.

புதிதாக மருந்து கலந்து வந்து, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே கட்டிக்குள் இறக்கினார் டாக்டரம்மா. அந்தக் கையின் நிதானத்தை நான் எங்கும் கண்டதில்லை.

நேற்றுப் படம் எடுத்தார்கள். கட்டி சுருங்கியிருக்கிறது. எங்களுக்கும் முன்பே டாக்டரம்மா முகம் மலர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அறுவைச் சிகிச்சை. குரல் தங்கும் என்று நம்புகிறார், வாக்குக் கொடுக்கவில்லை. அதனாலேயே அவர்மேல் எனக்கு நம்பிக்கை.

அண்ணன் உங்களை வரச்சொல்ல மாட்டார். "அவனுக்கு ஆயிரம் வேலை" என்கிறார். ஆனால் இரண்டு நாளாக உங்களைப் பற்றித்தான் பேச்சு. வியாழக்கிழமைக்குள் வந்துவிடுங்கள் தம்பி. கோபம் தீராவிட்டால் நேரில் வந்து சண்டை போடுங்கள். அவர் தம் வாயாலேயே பதில் சொல்லட்டும்.

உங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளும்,
அண்ணி