அணைக்கும் பொத்தானில் ஒரு சொல்

உழவர்கரை, புதுச்சேரி
9-6-2025, திங்கள்

அன்புள்ள சந்திரமோகனுக்கு,

இங்கு நலம். நீயும், எனக்குத் தங்கையாகிவிட்ட உன் மனைவி சுமலதாவும் லியோனில் நலமாகவே இருப்பீர்கள் என்று நானாக எண்ணிக்கொள்கிறேன். பிப்ரவரிக்குப் பிறகு உன்னிடமிருந்து மின்னஞ்சலில் ஒரு வரியும் இல்லை.

நம் ‘கட்டுமரம்’ இயங்குதளத்தின் வரலாற்றை எழுதி வருகிறேன். 14-4-2001 அன்று இதே வீட்டு மாடியில் நாம் நிரல் எழுதத் தொடங்கியது, 17-8-2003 அன்று திரையில் முதல் ஜன்னல் தமிழில் திறந்தது, விண்டோஸ் ஏறாத பழைய கணினிகளில் அது ஓடியது எல்லாம் எழுதியாயிற்று. நேற்று, சரிபார்ப்பதற்காகப் புதிய பதிப்பை நிறுவினேன். வேலை முடிந்து கணினியை அணைக்கப் போனவன் திகைத்துவிட்டேன். பொத்தானில் ‘வரேன்’ இல்லை. ‘நிறுத்து’ என்றிருக்கிறது!

6-3-2004 உனக்கு நினைவில்லையா? அந்தப் பொத்தானுக்கு நான் ‘வெளியேறு’ என்றேன், நீ ‘போ’ என்றாய். பிழை பார்த்துக்கொண்டிருந்த சுமலதா நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “வீட்ட உட்டுக் கெளம்புறவங்க யாராவது போறேன்னு சொல்லுவாங்களா? வரேன்னு போடுங்க, மிசியே காலண்டர்!” எதற்கும் தேதி சொல்லும் எனக்கு அவள் வைத்த பெயர், ‘காலண்டர் ஐயா’ என்று. அன்றிலிருந்து நம் கடிதங்களும் அச்சொல்லிலேயே முடிகின்றன.

மாற்றியவர் யாரென்று பார்த்தேன். நீ! என்னை ஒரு வார்த்தை கேட்காமல்! இம்மாத இறுதிக்குள் அச்சொல் திரும்பி வராவிட்டால், மூல நிரலைப் பிரித்துக்கொண்டு நான் தனியே போகிறேன்.

உத்திராபதி

லியோன்
11-6-2025

உத்திராபதி,

உன் கோபம் நியாயம்தான். சண்டைக்கு நான் வரவில்லை.

சுமலதா இப்போது இல்லை. மருத்துவமனைக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, “அடுப்புல பால் இருக்கு, பாத்துக்க. வரேன்” என்று சொன்னாள். மாலையில் நான் மட்டும் திரும்பினேன்.

அதற்குப் பிறகு கணினியை அணைக்கும்போதெல்லாம் அது ‘வரேன்’ என்றது. எத்தனை தடவைதான் பார்ப்பது? மாற்றிவிட்டேன். என் கணினியில் மட்டும் மாற்ற நினைத்தது, கவனமில்லாமல் எல்லோருக்கும் போய்விட்டது.

உனக்கு எழுத உட்காராமல் இல்லை. கடைசியில் அந்தச் சொல்லை எழுத வேண்டுமே. கை வரவில்லை. இப்போதும் வரவில்லை.

சந்திரமோகன்

உழவர்கரை, புதுச்சேரி
12-6-2025, வியாழன்

அன்புள்ள சந்திரமோகனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. மறுபடியும் உட்கார்ந்து படித்தேன். சுமலதாவா?

தனியே போகிறேன் என்று உனக்கு எழுதியிருக்கிறேன். அவள் வேண்டாமென்று தடுத்த சொல்லை, அவள் இல்லாத வீட்டுக்கு எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடு.

‘நிறுத்து’ அப்படியே இருக்கட்டும். கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அவள் மறைந்த தேதியை நீ எழுதவில்லை. நான் கேட்கவும் போவதில்லை. வரலாற்றில் அந்த ஓர் இடம் தேதியில்லாமலே இருக்கும்.

நீங்கள் லியோனுக்குக் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் முழங்கால் வலி, குளிர் என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தேன். ஆனால் கடிதத்தின் அடியில் மட்டும் தவறாமல் அந்தச் சொல்லை எழுதிவந்தேன். இன்று காலை இங்குள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் விசாவுக்கு மனு கொடுத்துவிட்டேன். நீ அந்தச் சொல்லை எழுத வேண்டாம். நான் எழுதுகிறேன், இம்முறை அதற்கு ‘வருகிறேன்’ என்ற நேர்ப்பொருள்தான்.

வரேன்,
உத்திராபதி