சுபஸ்ரீக்கும் பரீட்சைதான்

அத்தைக்கு, ஷார்ஜாவிலிருந்து சித்தார்த்தன் வணக்கத்தோட எழுதுறது. மாமாவுக்கு மூட்டுவலி தேவலையா?

அப்பா அம்மா போனதிலிருந்து எங்களுக்கு எல்லாமே நீங்கதான்; குறை சொல்ல வாய் வரலை. ஆனா மனசு நிலைகொள்ளலை. தங்கச்சி சுபஸ்ரீ கணக்கில் ஃபெயில்னு டீச்சர் போன் பண்ணினாங்க. பத்தாவதில் ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தவ. அவகூட இரட்டையாப் பிறந்த பூவரசன் மன்னார்புரம் டியூஷனுக்குப் போறான், இவ அடுப்படியில் நிக்கிறா. ரெண்டு பேருக்கும் ப்ளஸ் டூ பரீட்சை ஒண்ணுதானே?

இங்கே ரூமில் ஆம்பளைங்க நாங்களே முறை வச்சுச் சமைச்சுப் பாத்திரம் தேய்க்கிறோம். நேத்து என் கையில் லேசா சூடு பட்டுச்சு, பயப்படாதீங்க. அங்கே பூவரசனும் பாத்திரம் தேய்க்கட்டும்.

வேலைக்கு வேன் வந்துடுச்சு. வீடியோ கால்ல எப்பவும் சிங்க் பக்கம் திரும்பின சுபஸ்ரீ முதுகுதான் தெரியுது. ஞாயித்துக்கிழமை அவ முகத்தைக் காட்டச் சொல்லுங்க.